சுருங்க மறுப்பவை

சர் ஆர்தர் ஹேவுட்டுக்கு ஒரு கேள்வி இருந்தது. ஆள் ஏறிப் போகிற ரயிலை எவ்வளவு சிறிதாக்கலாம்? இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டஃபீல்ட் பேங்க் என்ற தன் வீட்டு வளாகத்தில் 1874-இல் தண்டவாளம் போட்டே அவர் விடை தேடினார். அதற்கு முன் 9 அங்குல இடைவெளியில் ஒரு பாதை போட்டுப் பார்த்திருந்தார். ஆட்கள் ஏறினால் அதில் வண்டி நிலைகொள்ளவில்லை. 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர், என்று வந்தபோதுதான் வளர்ந்தவர்கள் அச்சமில்லாமல் உட்கார முடிந்தது. அதற்குக் கீழே போகக் கூடாது என்று முடிவு கட்டினார். இன்று ஐரோப்பியப் பூங்காக்களில் ஓடும் குட்டி ரயில்கள் பலவற்றுக்கு அதுவே அளவு. வியன்னாவின் பிராட்டர் பூங்காவிலும் அதே 381. டிரெஸ்டன் நகரின் பெருந்தோட்டத்திலும் அதே 381.

இந்த எல்லையை வகுத்தது இரும்பல்ல, இடுப்பு. இரும்பை எந்த அளவுக்கும் அறுத்துக் கடைந்துவிடலாம். உட்காருகிற மனிதரைக் குறுக்க முடியாது. குட்டி நீராவி எஞ்சினை ரசிக்கத் தொடங்குகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான். மனித உடம்பைப் போலவே நெருப்பும் தண்ணீரும் ஆவியும் ஒலியும் சுருங்க மறுக்கின்றன. பெரிய எஞ்சினின் வரைபடத்தை எடுத்து எல்லா அளவையும் நான்கால் வகுத்தால் கிடைப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தகுந்த சிற்பம். அது ஓட வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வர வேண்டுமானால், செய்கிறவர் சில இடங்களில் அசலுக்குத் துரோகம் செய்தே ஆக வேண்டும். எங்கே, எவ்வளவு, கண்ணுக்குத் தெரியாமல் எப்படி என்பதில்தான் இந்தக் கலையின் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது.

ஹேவுட் செய்த எஞ்சின்கள் எதற்கும் நகல் அல்ல. பண்ணைகளுக்கும் பெரிய மாளிகைகளுக்கும் சரக்கு சுமக்க மலிவான ரயில் வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே அவருடைய எஞ்சின்கள் குட்டையாக, முரட்டுத்தனமாக, சிறிய வேலைக்காரர்களாகவே பிறந்தன. அழகு காட்டும் எண்ணம் அவற்றில் இல்லை. 1894-இல் அவர் செய்த ‘மூரியல்’, பின்னர் இங்கிலாந்தின் வடமேற்கில் ரேவன்கிளாஸ் ரயில் பாதைக்குப் போய், 1927-இல் புதிய கொதிகலன் ஏற்று, ‘ரிவர் இர்ட்’ என்று பெயர் மாறியது. உடம்பு மாறினாலும் அடிச்சட்டத்தில் ஹேவுட்டின் கை இன்னும் இருக்கிறது.

பூங்காவுக்கு நீராவியைக் கொண்டு வந்தவர்கள் வேறு மனதுக்காரர்கள். நார்த்தாம்டன் ஊரில் பொம்மை ரயில்கள் விற்றுப் பெயர் பெற்ற பாசெட்-லோக்கும், அவருக்கு வரைந்து கொடுத்த ஹென்றி கிரீன்லியும் 1905-இல் பிளாக்பூல் கடற்கரையில் ‘லிட்டில் ஜெயன்ட்’ எஞ்சினை ஓடவிட்டார்கள். அந்தக் காலத்து எக்ஸ்பிரஸ் எஞ்சினின் சாயலை அப்படியே கால் பங்குக்குக் கொண்டுவந்த உருவம் அது. முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள், நடுவில் நான்கு இயங்கு சக்கரங்கள், பின்னால் இரண்டு. ‘அட்லான்டிக்’ என்று பெயர் பெற்ற அமைப்பு. ஹேவுட் சின்னதாக ஓர் எஞ்சின் வேண்டும் என்று கேட்டார். இவர்களோ பெரிய எஞ்சின் ஒன்று சின்னதாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். உலகத்துப் பூங்கா எஞ்சின்கள் எல்லாம் இந்த இரண்டு ஆசைகளுக்கு இடையில் எங்கோ நிற்கின்றன.

அந்த இடைவெளியில் மிகச் சரியான இடத்தில் நிற்பதாக எனக்குப் படுவது ‘ஜோன்’. வேல்ஸின் வடகரையில் ரில் என்ற கடற்கரை ஊர். அங்கே மரைன் லேக் என்ற செயற்கைக் குளத்தைச் சுற்றி 1911 முதல் 15 அங்குலப் பாதை ஒன்று உண்டு; ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மைல். ஊரின் கேளிக்கைப் பூங்காவோடு சேர்ந்த ஆல்பர்ட் பார்ன்ஸ் நிறுவனம் 1920-இல் ‘ஜோன்’ எஞ்சினை ரில்லிலேயே கட்டியது. வடிவமைப்பு கிரீன்லியுடையது. தொடர்ந்து அதே அச்சில் இன்னும் ஐந்து எஞ்சின்கள் அங்கே பிறந்தன. வெளியூர்த் தொழிற்சாலையிலிருந்து விலைக்கு வாங்கி வராமல், ஓடப்போகிற பாதைக்குப் பக்கத்திலேயே எஞ்சினைக் கட்டிக்கொண்ட ஊர் என்ற பெருமை ரில்லுக்கு உண்டு. 1969-இல் மூடப்பட்ட பாதை 1978-இல் மறுபடி திறந்தது. நூறு வயதைத் தாண்டிய ‘ஜோன்’ இன்றும் அந்த ஊரின் சொத்து.

முதலில் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். லிட்டில் ஜெயன்டில் கொதிகலன் மெலிந்து நீண்டிருக்கும். அசலின் விகிதம் அது. அதன் வழிவந்த எஞ்சின்களில் கிரீன்லி கொதிகலனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்க வைத்தார். ஜோனுக்கு வரும்போது தோளும் வயிறும் நன்றாகவே திரண்டுவிட்டன. தண்டவாள இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டால் எஞ்சின் அசலின் கால் பங்குக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். உடம்போ அதைத் தாண்டிவிட்டது. இதே தந்திரத்தைக் கிரீன்லி 1920களில் கென்ட் கடற்கரையின் ரோம்னி, ஹைத் அண்டு டிம்சர்ச் பாதையில் துணிந்தே செய்தார். அங்கே பாதை கால் பங்கு, எஞ்சின்கள் மூன்றில் ஒரு பங்கு. சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நம் கண் அளப்பதில்லை. கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும், ஓட்டுநர் கூண்டின் கூரைக்கும் உள்ள உறவையே அளக்கிறது. அந்த உறவு சரியாக இருந்தால் மற்ற பொய்கள் மன்னிக்கப்படும்.

ஏன் இந்தப் பருமன்? கணக்கு எளிது. நீளத்தை நான்கில் ஒன்றாக்கினால் பரப்பு பதினாறில் ஒன்றாகும். கொள்ளளவும் எடையும் அறுபத்து நான்கில் ஒன்றாகும். கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீர் அறுபத்து நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட, அதன் சூடு வெளியேறும் மேற்பரப்போ பதினாறில் ஒன்றாக மட்டுமே குறைகிறது. அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் நெடுநேரம் சுடும், டம்ளரில் எடுத்தது பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. சிலிண்டருக்குள்ளும் இதே கதைதான். சூடான ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் ஒரு பகுதி தண்ணீராகிவிடுகிறது. புறப்படும் நேரத்தில் சிலிண்டரின் அடியிலிருந்து வெள்ளையாகச் சீறுவதும், புகைபோக்கி முன் நிற்பவர் சட்டையில் தூறல் விழுவதும் இதனால்தான். சிலிண்டர் சூடேறும் வரை அடியிலுள்ள திறப்புகளைத் திறந்து வைத்து அந்தத் தண்ணீரை வெளியேற்றுகிறார் டிரைவர். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். அவருக்கு அது பிஸ்டனைக் காக்கும் வேலை. ஆவி சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் அதன் மேல் மோதினால் சிலிண்டர் மூடியே பெயர்ந்துவிடலாம்.

அதே கணக்கு இன்னொரு பக்கம் எஞ்சினுக்குச் சாதகமாகத் திரும்புகிறது. ஆவியின் அழுத்தத்தை உருவத்தோடு சேர்த்துக் குறைக்க வேண்டியதில்லை. அழுத்தம் அப்படியே இருந்தால், பிஸ்டன் மீது விழும் விசை பதினாறில் ஒன்றுதான் ஆகும். எஞ்சினின் எடையோ அறுபத்து நான்கில் ஒன்றாகிவிட்டது. தன் எடைக்குக் குட்டி எஞ்சின் அசலைவிட நான்கு மடங்கு பலசாலி. இருபது முப்பது முழு மனிதர்களை அது இழுப்பது இதனால்தான் சாத்தியமாகிறது. ஆனால் பலம் மிகுந்து எடை குறைந்தவனுக்குக் கால் வழுக்கும். சிலிண்டருக்கு ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை கூடுதலாகத் திறந்தால் இயங்கு சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுழலும். ஈரமான காலையில், நிறைந்த வண்டியோடு, ஒரு தடவைகூடச் சக்கரம் வழுக்காமல் நிலையத்தை விட்டுப் புறப்படும் டிரைவரைக் கண்டால் தேர்ந்த ரசிகர்கள் தலையசைப்பார்கள். மற்றவர்களுக்கு அங்கே எதுவுமே நடந்திராது.

இனி நெருப்பு. நீராவி எஞ்சினை உயிருள்ள பொருள் என்று சொல்ல வைப்பது அதன் மூச்சு. சிலிண்டரில் வேலை முடித்த ஆவி, புகையறைக்குள் ஒரு குழாய் வழியே புகைபோக்கியை நோக்கிப் பாய்கிறது. பாயும்போது அங்கிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, பின்னாலுள்ள நெருப்பறையின் அடித்தட்டு வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது. எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு ஆவி வெளியேறும்; எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு நெருப்பு மூளும். உழைப்பே பசியைக் கிளப்பி, பசியே உணவைக் கொண்டுவருகிற இந்த ஏற்பாட்டை 1800களின் தொடக்கத்திலேயே ரிச்சர்ட் டிரெவிதிக் கண்டுகொண்டார். மனிதர் செய்த பொறிகளில் இத்தனை எளிமையாகத் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்பவை அதிகம் இல்லை.

குட்டி எஞ்சினில் இந்த மூச்சை அமைப்பது மிகக் கடினமான வேலை. நெருப்பறையிலிருந்து கொதிகலனின் வயிற்றினூடே ஓடும் புகைக்குழாய்களை உருவத்தின் விகிதத்தில் மெலிதாக்கினால் சூடான காற்று அவற்றில் புகத் தயங்கும், சாம்பல் அடைக்கும். எனவே குழாய்களை அகலமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் வைக்கிறார்கள். நிலக்கரியை உடைத்து, சலித்து, நெருப்பறைக்கேற்ற அளவில் போடுகிறார்கள். நெருப்பின் ஆழத்தைச் சுருக்க முடியாது. கரித்துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காகக் கிடந்தால்தான் கனலும். அட்லான்டிக் அமைப்பின் பின்சக்கரங்கள் இங்கேதான் தம் பெருமையைக் காட்டுகின்றன. பின்பாரத்தை அவை தாங்கிக்கொள்வதால், இயங்கு சக்கரங்களுக்குப் பின்னால் நெருப்பறைக்குப் போதுமான ஆழம் கிடைக்கிறது. பார்க்க எக்ஸ்பிரஸ் மிடுக்கு, உள்ளே அடுப்புக்கு இடம். தோற்றமும் தேவையும் ஒரே கோட்டில் வந்து முடிவது எந்தக் கலையிலும் அபூர்வம்.

15 அங்குலத்துக்கும் கீழே போனால் இந்த நெருப்பு மூளுமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் எஞ்சினுக்கு நிலக்கரி ஒத்துவராது, சாராய விளக்கே சரி என்று வணிகத் தயாரிப்பாளர்களும் கிரீன்லியும் ஒரு பக்கம். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் ‘மாடல் எஞ்சினியர்’ இதழில் எழுதிய கர்லி லாரன்ஸ் மறுபக்கம். 1920களில் நடந்த இந்தக் ‘கொதிகலன் போரில்’, லாரன்ஸ் தன் ‘ஆயிஷா’ எஞ்சினில் உண்மையான நிலக்கரித் தீயை மூட்டி, அதன் பின்னால் ஆளை உட்கார வைத்து இழுத்துக் காட்டினார். அதற்குப் பின் வீட்டுப் பட்டறைகளில் கடைசல் எந்திரம் வைத்திருந்தவர்கள் எல்லாம் அவருடைய வரைபடங்களைப் பார்த்து எஞ்சின் கட்டத் தொடங்கினார்கள். இன்று பூங்கா மூலைகளில் 5 அங்குலம், ஏழே கால் அங்குலம் என்று ஓடும் சின்னஞ்சிறு பாதைகளுக்குப் பின்னால் அந்த வெற்றி இருக்கிறது. ஜோனைப் படைத்தவர் இந்த விவாதத்தில் தோற்ற கட்சியில் நின்றார் என்பது எனக்குப் பிடித்த முரண். பெரிய குட்டிகளின் நெருப்பை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று யாருமில்லை. சின்னக் குட்டிகளின் நெருப்பை அவர் நம்பவில்லை.

தண்ணீருக்கும் தனிப் பிடிவாதம் உண்டு. கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட டிரைவர் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். அதை உருவத்துக்கேற்ப மெலிதாக்கினால் தண்ணீர் கண்ணாடியின் சுவரைப் பற்றிக்கொண்டு மேலேறி நின்று பொய் சொல்லும். குமிழி ஒன்று நடுவில் சிக்கி அசையாது நிற்கும். ஆகவே நல்ல குட்டி எஞ்சினின் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால் அந்தக் குழாய் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும். தண்ணீரை உள்ளே செலுத்தும் இன்ஜெக்டர் இன்னும் விசித்திரமான பொருள். 1858-இல் ஹென்றி கிஃபார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. கொதிகலனின் சொந்த ஆவியை எடுத்து, அதன் வேகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்து, அந்தத் தண்ணீரை அதே கொதிகலனின் அழுத்தத்தை எதிர்த்து உள்ளே தள்ளுகிறது. அசையும் எந்திரப் பாகம் எதுவும் இல்லாமல். சின்ன எஞ்சின்களில் இதன் கூம்புத் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். ஒரு தூசி போதும், நின்றுவிடும். தண்ணீர்க் கையிருப்போ மிகக் குறைவு. பெரிய எஞ்சினின் டிரைவரைப் போலச் சற்றுக் கவனம் பிசகி இருந்துவிட முடியாது. அங்கே டிரைவரும் ஃபயர்மேனும் என இருவர். இங்கே இரண்டு வேலையும் ஒருவருக்கே.

அந்த ஒருவர், எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டருக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். கூண்டின் கூரைக்கு மேலே அவர் தலை தெரிகிறது. வெளியிலிருந்து பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். கிரீன்லி எத்தனை முயன்றும் மறைக்க முடியாமல் போன ஒரே பொய் அது. ஆனால் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த உருவம் எஞ்சினோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு கை ரெகுலேட்டரில், ஒரு கண் தண்ணீர்க் கண்ணாடியில், காது புகைபோக்கியில். வளைவு வருமுன் ஒரு சிறு கரண்டி நிலக்கரி, பின் நெருப்பறைக் கதவு உடனே மூடப்படுகிறது. திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் குளிர்காற்று உள்ளே புகும். ஒரே மைல்தான், ஒரே குளம்தான், நாள் முழுதும் அதே சுற்றுதான். ஆனாலும் காற்றின் திசை, கரியின் தரம், ஏறியிருக்கும் ஆட்களின் எடை என்று ஒவ்வொரு சுற்றும் வேறு கேள்வித்தாள்.

இனி ஒலி. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு முறை சுற்றினால் புகைபோக்கி நான்கு முறை அடிக்கும். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரச் சக்கரம் கொண்ட பெரிய எக்ஸ்பிரஸ், நடை வேகத்தில் நொடிக்கு ஒன்று என்று நிதானமாக அடித்துக்கொண்டு கிளம்பும். அரை மீட்டர்ச் சக்கரம் கொண்ட குட்டி அதே வேகத்தில் மூன்று நான்கு அடிகள் அடித்துவிடும். மணிக்கு 16 கிலோமீட்டர் வந்ததும் நொடிக்குப் பதினொரு அடி; இனி தனித்தனியாக எண்ண முடியாது, ஒரே உறுமலாகிவிடும். ஆகவே குட்டி எஞ்சினின் தாளத்தைக் கேட்க வேண்டுமானால் முதல் இருபது மீட்டரில் கேட்டுவிட வேண்டும். நான்கு அடிகளும் ஒரே எடையில், ஒரே இடைவெளியில் விழுகின்றனவா? வால்வுகளைச் சரியாக அமைத்த எஞ்சினில் விழும். ஓர் அடி மெலிந்தோ தள்ளியோ விழுந்தால், பட்டறையில் யாரோ ஒரு வேலையை நாளைக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

விசிலில் இன்னொரு நுட்பம். குழலின் நீளத்தைக் கால் பங்காக்கினால் சுருதி இரண்டு ஸ்தாயி மேலே போய்விடும். கம்பீரமான கூவல் கீச்சுக் குரலாகும். உருவத்துக்குப் பொருத்தமான குட்டி விசிலைக் கூரை மேல் அலங்காரமாக நிறுத்திவிட்டு, உண்மையாகக் கூவும் நீளமான குழலை அடிச்சட்டத்தை ஒட்டிப் படுக்கையாக மறைத்து வைப்பது எஞ்சின் கட்டுகிறவர்களிடையே பழைய வழக்கம். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாக நாம் நம்பிக்கொள்கிறோம்.

இவ்வளவு பொய்களைப் புகழ்ந்துவிட்டு, வேறொரு பொய்யை மட்டும் ஏன் ஏற்க முடியவில்லை என்று சொல்லியாக வேண்டும். பல கேளிக்கைப் பூங்காக்களில் புகைபோக்கியும் பித்தளைக் கவிகையும் வைத்த ரயில்கள் ஓடுகின்றன. உள்ளே டீசல் எஞ்சினோ மின்மோட்டாரோ இருக்கும். பராமரிப்புச் செலவு குறைவு, காலையில் சாவியைத் திருப்பினால் போதும், குழந்தைகளுக்கும் குறையில்லை. அதை நடத்துகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே புகைபோக்கி எதற்கும் விடை அல்ல. ஜோனின் பருத்த கொதிகலன் தண்ணீரின் சூட்டுக்குச் சொன்ன பதில். பின்சக்கரம் நெருப்பின் ஆழத்துக்குச் சொன்ன பதில். தடித்த கண்ணாடி தண்ணீரின் ஒட்டும் குணத்துக்குச் சொன்ன பதில். அதன் ஒவ்வொரு பொய்க்கும் பின்னால் இயற்கை கேட்ட ஒரு கேள்வி உண்டு. மோட்டார் வைத்த ரயிலின் தோற்றத்தை எந்தக் கேள்வியும் உருவாக்கவில்லை. அதன் புகைபோக்கியை நீக்கிவிட்டு யானைத் தலையை வைத்தாலும் அது அப்படியே ஓடும்.

ஆகவே இப்படி ஓர் எஞ்சின் உள்ள பூங்காவுக்கு நீங்கள் போக நேர்ந்தால், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியதும் ஏறிவிடாதீர்கள். பெட்டிக்குள் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். ஒரு வண்டியை விட்டுவிடுங்கள். நிலையத்தின் முன்நுனியில், எஞ்சினுக்கு இரண்டு மூன்று எட்டு தள்ளி நின்று, அது புறப்படுவதைக் கேளுங்கள்: சக்கரம் வழுக்கியதா, நான்கு அடிகளும் ஒத்து விழுந்தனவா, தண்ணீர் எத்தனை தூரத்தில் நின்று புகை தெளிந்தது என்று. அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். உங்களை இழுத்துப் போவது யார் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.